நூர்பூர்க்ரிங்: திரையில் இல்லாத ஏற்றம்

அடெனாவ் என்ற சின்ன ஊரின் ஓரத்தில், பிரைட்ஷைட் பகுதியில், வீதிக்கு மேலால் ஒரு பாலம் போகிறது. கீழே ஆட்கள் பாண் வாங்கப் போய் வருவார்கள். மேலே போர்ஷே கார்கள் அலறிக்கொண்டு போகும். அந்தப் பாலத்தை நான் கம்பியூட்டர் திரையில் ஆயிரம் தடவையாவது கடந்திருப்பேன். அதுக்குக் கீழே ஆட்கள் குடியிருக்கிற ஒரு ஊர் இருக்கு என்பது, போன மே மாதம் அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில். அங்கேயிருந்து ஐஃபல் மலைப்பக்கம் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நூர்பூர்க் என்ற பழைய கோட்டையைச் சுற்றிக் காட்டுக்குள்ளால் வளைந்து ஓடுகிறது நோர்ட்ஷ்லைஃப, அதாவது வடக்கு வளையம். 1927-இல் திறந்த ஓட்டப்பாதை. நீளம் 20.8 கிலோமீட்டர், 73 வளைவுகள், மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையில் ஏறக்குறைய 300 மீட்டர் வித்தியாசம். ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்கு வைத்த பட்டப்பெயர் ‘பச்சை நரகம்’. 1976-இல் நிக்கி லௌடா தீப்பிடித்த காருக்குள் சிக்கி உயிர் தப்பியது இங்கேதான். அந்த வருடத்துக்குப் பிறகு ஃபார்முலா 1 இந்த வளையத்துக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் குறிப்பிட்ட நாட்களில், லைசென்சும் பதிவு செய்த காரும் உள்ள எவரும் காசு கட்டிவிட்டு இதில் ஓடலாம். சட்டப்படி அந்த நேரம் அது சுங்கம் கட்டி ஓடும் ஒருவழிப் பாதை.

எனக்கு இந்த இடம் அறிமுகமானது 2005-இல், பள்ளிக்கூட நண்பன் வீட்டில், கிரான் டூரிஸ்மோ 4 விளையாட்டில். பிறகு வேலைக்குப் போய், சொந்தக் காசில் ஒரு ஸ்டீயரிங்கும் பெடல்களும் வாங்கி, அசெட்டோ கோர்சாவுக்கு மாறினேன். இத்தாலியக்காரர்கள் செய்த சிமுலேஷன் அது. அதில் உள்ள நோர்ட்ஷ்லைஃப லேசர் கருவியால் அளந்து எடுத்தது. தார் மேட்டில் உள்ள சின்னச் சின்னத் துள்ளல்கூடக் கையில் தெரியும். எந்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே கியர் குறைக்க வேண்டும் எல்லாம் மனப்பாடம். அந்த மனப்பாடத்தில் கொஞ்சம் திமிரும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

போன மாரியில் மகனுக்குப் பத்து வயது முடிந்தது. கேம்பேடில் அவனும் ஓடத் தொடங்கினான். அவனுடைய செட்டிங்ஸைப் பார்த்தேன். தானியங்கி கியர், ஏபிஎஸ், டிராக்ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் நூறு வீதம், எங்கே திரும்ப வேண்டும் என்று ரோட்டில் கோடு. நான் எல்லாவற்றையும் நிற்பாட்டினேன். “இப்பதான் மகன் உண்மையான ஓட்டம், இதிலதான் பழகவேணும்” என்றேன்.

முதல் வளைவுத் தொடரான ஹாட்சன்பாஹையே அவனால் தாண்ட முடியவில்லை. சுழன்றான், வேலியில் அடித்தான், திரும்பத் தொடங்கினான், திரும்பவும் சுழன்றான். நான் பின்னால் நின்று, “அவசரப்படாதை, மெதுவாத் திருப்பு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்தாவது தடவையோ என்னவோ, கேம்பேடைச் சோஃபாவில் வைத்துவிட்டு, “இது உங்கட விளையாட்டு அப்பா” என்று எழும்பிப் போய்விட்டான். மூன்று கிழமை அந்தப் பக்கமே வரவில்லை. மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதே போதுமாக இருந்தது.

தொழிலில் மென்பொருள் எழுதுகிறவன் நான். அப்படியிருந்தும் யோசிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒரு பூட்டிலிருந்து மற்றப் பூட்டுக்குத் திருப்பினால் 900 பாகை, இரண்டரைச் சுற்று. கேம்பேடில் உள்ள குச்சி பெருவிரலால் ஓரிரு சென்டிமீட்டர்தான் அசையும். கீபோர்டில் அதுவும் இல்லை, ஒன்றில் அமத்தியிருக்கு, இல்லாட்டி இல்லை. ஆகவே கீபோர்டிலும் கேம்பேடிலும் சக்கரத்தை உண்மையில் திருப்புவது நீங்கள் இல்லை, இடையில் இருக்கிற மென்பொருள். எவ்வளவு வேகமாகத் திரும்பலாம், விட்டால் எவ்வளவு கெதியாக நேராக வரலாம், கார் வேகமாகப் போகும்போது எவ்வளவு குறைத்துத் திருப்பலாம் எல்லாம் அது தீர்மானிக்கிறது. மெனுவில் ‘உதவி’ என்று எழுதியிருப்பதை முழுக்க நிற்பாட்டினாலும் இந்த உதவி நிற்காது, நின்றால் ஓட முடியாது. பிரேக்கும் அப்படித்தான். என்னுடைய பிரேக் பெடலில் கால் அழுத்துகிற பாரத்தை அளக்கிற சென்சர் இருக்கிறது. பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதைவிட, எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதைக் கால் நன்றாக ஞாபகம் வைத்திருக்கும். அவனிடம் இருந்தது சுட்டுவிரலுக்குக் கீழே மெல்லிய ஸ்பிரிங் போட்ட ஒரு விசை. அதைக் கொடுத்துவிட்டு ஏபிஎஸ்ஸைப் பறித்தால் சக்கரம் பூட்டாமல் வேறு என்ன செய்யும்? ஆளுக்கொரு கருவியைக் கொடுத்துவிட்டு ஒரே ‘உண்மை’யை எதிர்பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கு எனக்கு ஓடுவதற்கு முன்னமே அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அப்பா ஊரில் யாழ்ப்பாணம்–பருத்தித்துறைப் பாதையில் மினிபஸ் ஓடினவர். ஒருநாள் வந்தபோது என் ஸ்டீயரிங்கில் இருத்தினேன். நாலு வளைவு போனார், சுழன்றார், கையை எடுத்துவிட்டார்.

“முன்சில்லு என்ன செய்யுதெண்டு கையில தெரியுது தம்பி. பின்சில்லு வழுக்கிறது எனக்குத் தெரியேல்லை.”

“திரையைப் பாருங்கோ அப்பா, காரின்ர மூஞ்சை திரும்பும்.”

“திரும்பினாப் பிறகு பாத்து என்ன செய்ய? வாகனம் ஓடுறது கையால இல்லை.” எதால் ஓடுவது என்றும் சொன்னார், அதைக் குடும்பச் சஞ்சிகையில் எழுத முடியாது. இருக்கையில் பதிகிற உடம்பின் பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகத்தான் சொன்னார். வீட்டு ஸ்டீயரிங்கில் வருகிற விசை முன்சில்லின் கதையை மட்டும்தான் சொல்லும். வண்டி பின்பக்கம் நழுவத் தொடங்குவதை உண்மைக் காரில் முதுகும் இடுப்பும் முதலில் அறியும், கண் பிந்தித்தான் அறியும். ஆடுகிற மேடைகள் விற்கிறார்கள், அவற்றின் விலைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம். ஆகவே சிமுலேஷனில் எல்லா உதவியையும் நிற்பாட்டுவது சில வேளை உண்மைக் காரை ஓடுவதைவிடக் கஷ்டம். அதை உண்மை என்று பெயர் சொல்லிப் பிள்ளைக்குக் கொடுத்தது நான்.

மேயில் மூன்று தலைமுறையுமாக வெளிக்கிட்டோம். போக நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: திறந்திருக்கும் நாட்களையும் நேரத்தையும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள், கிழமை நாட்களில் பெரும்பாலும் பின்னேரம் மட்டும்தான். ஓடப்போகிறவர்கள் காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். பல ஒப்பந்தங்களில் சொந்தக் காரின் சேதத்துக்கு இந்தப் பாதையில் பணம் கிடையாது, வாடகைக் காரென்றால் பெரும்பாலும் தடை. வேலியை இடித்தால் வேலிக்கும், இழுத்துக்கொண்டு போனால் அதுக்கும் பில் உங்களுக்குத்தான் வரும்.

அப்பாவையும் மகனையும் புருன்ஷனில் இறக்கினேன். பார்வையாளர் நிற்க வசதியான இடம் அது. கார்கள் பள்ளத்தில் இறங்கித் திரும்பி மேலே ஏறுவதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நான் டோட்டிங்கர் ஹோஹ நுழைவாயிலுக்குப் போய் ஒரு சுற்றுக்குக் காசு கட்டினேன். 30 யூரோவுக்கு மேல். கார் எங்களுடைய குடும்ப ஸ்டேஷன் வாகன், பின்னால் பிள்ளை இருக்கை பதிந்த தடம் உள்ள அதே கார். திங்கட்கிழமை காலை அது எனக்கு வேலைக்குப் போக வேணும்.

தடுப்பு திறந்தது. முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே என் மனப்பாடம் பாதி பறந்துவிட்டது. வளைவுகள் எல்லாம் ஞாபகத்தில் இருந்த ஒழுங்கில்தான் வந்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரிவு! ஃபுக்ஸ்ரூரவில் கார் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. அடியில் வயிறு கீழே போய், அடுத்த கணம் மேலே வந்தது. திரையில் அது ஒரு நீளமான பச்சைச் சுரங்கம், அவ்வளவுதான். இருக்கைக்குக் கீழே எப்போதோ உருண்டுபோன தண்ணீர்ப் போத்தல் ஒன்று அந்த இடத்தில் புறப்பட்டு, சுற்று முடியும்வரை இடமும் வலமுமாக அடித்துக்கொண்டிருந்தது. காரை வெறுமையாக்கிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, கண்ணாடி. விளையாட்டில் பின்பக்கக் கண்ணாடியை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இங்கே முன்னால் பார்த்த நேரமளவு பின்னாலும் பார்த்தேன். இடப்பக்கத்தால்தான் முந்தலாம். வேகமான கார் வந்தால் வலப்பக்கச் சிக்னல் போட்டு ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். என்னைப் போலக் குடும்பக் காரில் வந்தவர்கள், பந்தயக் காருக்குக் கிட்ட வருகிற ஏதோ ஒன்று, எல்லாரும் ஒரே பாதையில். எந்த வளைவிலும் என்னுடைய ‘சரியான’ கோடு எனக்குக் கிடைக்கவில்லை.

வேர்ஸைஃபன் இறக்கத்தில் மர நிழலுக்குள் ரோடு இன்னும் ஈரமாக இருந்தது. நான் வேகமாக வரவில்லை. ஆனாலும் பின்பக்கம் ஒரு சொட்டு நழுவியது, அப்பா சொன்ன அதே இடத்தில் எனக்குத் தெரிந்தது. நான் ஏதாவது செய்ய முன்னம் மீட்டரில் மஞ்சள் விளக்கு இரண்டு தரம் மின்னியது, கார் தானாகவே நேரானது. ஈஎஸ்பி வேலை செய்திருக்கிறது. கைகளில் வியர்வை. அப்படியே பிரைட்ஷைட் பாலத்தைக் கடந்து, பிறகு வருகிற நீள ஏற்றத்தில்தான் மூச்சு விட்டேன். கருசெல்லின் கொங்கிறீட்டில் பல்லெல்லாம் ஆடியது. புருன்ஷனில் வேலிக்கு அப்பால் ஒரு சின்ன சிவப்பு ஜாக்கெட் கையை ஆட்டியது. நான் ஹோர்ன் அடிக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான்.

திரும்பிப் போய் ஏற்றும்போது மகன் முதல் கேட்டது, “எவ்வளவு நேரம் அப்பா?” நேரம் எடுப்பது அங்கே தடை என்றேன். பன்னிரண்டு நிமிடம் வந்திருக்கும். விளக்கு மின்னினதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

“அப்ப நீங்களும் உதவியோடதானே ஓடினீங்கள்?”

“ஓம்.”

“ஏன் நிப்பாட்டேல்லை?”

பதிலை அப்பா சொன்னார். “நிப்பாட்டியிருந்தா இப்ப நாங்கள் பஸ்ஸில வீட்ட போகவேணும் ராசா.”

வரும் வழியில் அவனுக்குக் கணக்குச் சொன்னேன். ஏபிஎஸ் 1978-இலிருந்து கார்களில் இருக்கிறது, ஈஎஸ்பி 1995-இலிருந்து. 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கிற எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். அடெனாவில் நிறுத்தி, அந்தப் பாலத்துக்குக் கிட்ட அப்பா அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். மேலே போகிற கார்களின் சத்தத்தில் நாங்கள் கத்தித்தான் கதைத்தோம்.

அசெட்டோ கோர்சாவில் ஏபிஎஸ்ஸுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலுக்கும் மூன்று நிலைகள் இருக்கின்றன: இல்லை, ‘ஃபாக்டரி’, ஆம். நடுவில் உள்ளது, அந்தக் கார் தொழிற்சாலையில் எதோடு செய்யப்பட்டதோ அதை மட்டும் கொடுக்கும். இத்தனை வருடத்தில் அதை நான் தொட்டதேயில்லை. அன்றிரவு அதைப் போட்டோம். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அவன் நாற்பது வீதம் என்று வைத்தான், நான் வாயைத் திறக்கவில்லை. கோட்டை அவனே நிற்பாட்டினான், தனக்கு இப்ப இடம் தெரியுமாம். கார் சின்ன அபார்த் 500.

நான் சோஃபாவில் இருந்தேன், பின்னால் நிற்கவில்லை. ஹாட்சன்பாஹைத் தாண்டினான். அடெனாவர் ஃபோர்ஸ்டில் நேராகப் புல்லுக்குள் போனான், முதல் தரம் வருகிற எல்லாரையும் ஏமாற்றுகிற இடம் அது. திரும்பி ரோட்டுக்கு ஏறினான். வேர்ஸைஃபனில் தேவைக்கு மேலாகவே மெதுவாக இறங்கினான். பாலம் வந்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டான்.

“என்ன மகன், என்ன பிரச்சினை?”

“ஒண்டுமில்லை. இதுக்குக் கீழதான் அப்பப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவர்” என்று திரைக்குக் கிட்டப் போய், பாலத்தின் கரையால் எட்டிப் பார்த்தான்.