தீட்சாபூமியில் ஒரு விசயதசமி

நாகபுரிக்கு மாற்றலாகி வந்த ஆண்டு, விசயதசமிக் காலையில் கலைமகள் முன் அடுக்கியிருந்த நூல்களை எடுத்துப் பிள்ளைகளைப் படிக்கச் செய்தபின், தீட்சாபூமிக்குச் சென்றேன். 1956 அக்டோபர் 14 அன்று, அவ்வாண்டின் விசயதசமியில், அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய இடம் அது. ஆண்டுதோறும் அத்திருநாளில் வெண்ணிற ஆடையணிந்து திரள்வோர், தூபியை வணங்கியபின் புத்தகக் கடைகளை மொய்க்கின்றனர்.

எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், தாம் வாங்கிய நூலின் பெயரைப் படித்துச் சொல்லுமாறு என்னைக் கேட்டார். மராத்தியில் தட்டுத் தடுமாறிப் படித்தேன். "என் பேத்தி இதைவிட நன்றாகப் படிப்பாள்" என்று சிரித்தார்.

என் பாட்டனார் திண்ணைப் பள்ளி நடத்தியவர் என்று பெருமை பேசிவந்தவன் நான். அத்திண்ணையில் சேரிப் பிள்ளைகள் ஏறியதே இல்லை என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.