மலை எந்தப் பக்கம்?

பிறந்த வீட்டுக்குப் போகிறோம் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் கால் தரையில் பாவும்? எனக்கு வயது நாற்பத்தேழு. பெண் காலேஜ் போகிற வயசுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் வேலூரில் பஸ் ஏறி, போளூர் தாண்டி, தூரத்தில் திருவண்ணாமலை நீலமாகத் தெரிய ஆரம்பித்ததும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மனசு பாவாடை கட்டிய பெண்ணாகிவிடும்.

சென்ற ஆண்டு ஆனி மாதம் போனபோது மட்டும் அப்படி இல்லை. நான் போனது வீட்டைக் காலி செய்ய.

எங்கள் வீடு செங்கம் சாலைப் பக்கம், ரமணாசிரமத்திலிருந்து நடந்து போகிற தூரம். தாத்தா கட்டிய வீடு. முன்னால் திண்ணை, உள்ளே முற்றம், பின்னால் ஒரு கிணறு, இரண்டு தென்னை. மொட்டை மாடிக்குப் போனால் மலை அப்படியே எதிரில் நிற்கும். அம்மா பத்தொன்பது வயதில் மருமகளாக வந்து விளக்கேற்றிய வீடு. இப்போது அவளுக்கு எழுபத்தொன்று. அப்பா ரிடையர் ஆன ஆசிரியர், எழுபத்தாறு முடிந்துவிட்டது.

தம்பி கனடாவில், டொரான்டோ பக்கம் இருக்கிறான். பத்து வருஷமாக "வந்துடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஊரே அழுதது. எங்கள் வீடு அந்த இடத்துக்கு வெகு தள்ளி இருந்தாலும், அங்கே டி.வி.யில் பார்த்த தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. "வீட்டை வித்துட்டு நிரந்தரமா கிளம்புங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எப்படி வந்து சேருவேன்?" என்று போனில் அழுதான். அப்பாவும் சரியென்றுவிட்டார். வீட்டுக்கு விலை பேச ஆள் வரத் தொடங்கியது.

ஒளிக்காமல் சொல்கிறேன். விற்றால் வரும் பணத்தில் என் பங்கு பெண்ணின் காலேஜ் படிப்புக்கு ஆகும் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

வீடு காலி செய்வது என்ன வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, நான் ஆறாம் வகுப்பில் போட்ட கோலநோட்டு... ஒவ்வொன்றையும் அம்மா எடுப்பாள், முந்தானையால் துடைப்பாள், இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பாள். மூன்று நாளில் ஒரு அலமாரிகூடக் காலியாகவில்லை. எனக்குக் கோபம் வந்து, "ஏம்மா, இப்படி வெச்சுக்கிட்டே இருந்தா எப்போ முடியும்?" என்று கத்திவிட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் சரிடி. அங்க மலை எந்தப் பக்கம் இருக்கும்? எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடறது?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. தம்பி அப்பாவைக் கேட்டான், அப்பா என்னைக் கேட்டார், நான் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை!

எங்கள் மாடி போர்ஷனில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு அம்மாள் சில வருஷங்களாகக் குடியிருக்கிறார். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு அவர் 'மேல்வீட்டம்மா'. அவருக்கு அம்மா 'அக்கா'. அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் "கோயில் போலாம்" என்று ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார்.

ரமணாசிரமத்தை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். மயில், குரங்கு, சாயங்கால வேதபாராயணம் எல்லாம் பழகிப்போனவை. அன்றுதான் வேறு கண்ணால் பார்த்தேன். அங்கே இருந்தவர்கள் எல்லாருமே வீட்டை விட்டு வந்தவர்கள்!

ரமணரே 1896-ல் பதினாறு வயதில், அண்ணனின் காலேஜ் கட்டணத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரை வீட்டை விட்டுக் கிளம்பியவர். செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்தார். 1950-ல் மறையும் வரை இந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை. அவரைத் தேடி வந்த தாயார் அழகம்மாள், கூப்பிட்டும் மகன் வராததால், முதலில் ஊருக்குத் திரும்பினார். பிறகு 1916-ல் தாமே இங்கு வந்து மகனோடு தங்கிவிட்டார். 1922-ல் அவர் மறைந்த பின் அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இந்த ஆசிரமமே வளர்ந்தது. பிள்ளை இருக்கும் இடம் தேடிப் போன தாய் என்றால் அவரும் என் அம்மா மாதிரிதானே!

அதே ஆசிரமத்தில் வாழ்ந்தவர் மேஜர் சாட்விக். ஆங்கிலேயர், ராணுவத்தில் இருந்தவர். வேலையெல்லாம் முடித்து ஸ்பெயினின் மல்லோர்க்கா தீவில் இருந்தபோது பால் பிரண்டன் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, 1935 நவம்பரில் திருவண்ணாமலைக்கு வந்தார். ஆசிரமத்துக்குள்ளேயே சின்னதாய் ஒரு குடில் கட்டிக்கொண்டு, 1962-ல் காலமாகும் வரை இங்கேயே இருந்தார். நம் ஊரார் ரிடையர் ஆனதும் வெளிநாடு போகிறார்கள். அவருக்கோ நம் ஊர்தான் வெளிநாடு.

ஆர்தர் ஆஸ்போர்ன் கதை இன்னும் உருக்கம். பாங்காக்கில் பேராசிரியராக இருந்தவர். 1941-ல் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஜப்பானியர் அவரைச் சிறை முகாமில் அடைத்தார்கள். யுத்தம் முடிந்து 1945-ல்தான் குடும்பத்தோடு சேர்ந்தார். இங்கிருந்து 'மவுண்டன் பாத்' பத்திரிகையை 1964-ல் தொடங்கி நடத்தினார். இந்தத் தெருக்களில் விளையாடி வளர்ந்த அவர் பிள்ளை ஆடம்தான், 1981-ல் கையில் தூக்கிக்கொண்டு போகும் கம்ப்யூட்டரை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர். அவ்வளவு தூரம் போனவர் கடைசிக் காலத்தில் நம் தமிழ்நாட்டுக்கே திரும்பி, 2003-ல் கொடைக்கானலில் கண்ணை மூடினார்.

திரும்பி வரும்போது மேல்வீட்டம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்கு உங்க வீட்டை விட்டு வர்றது கஷ்டமா இல்லையா?"

அவர் சிரித்தார். "கஷ்டம். முதல் தடவை மூணு வாரம் வந்தேன். ரெண்டாவது மூணு மாசம். மூணாவது தடவைக்கு அப்புறம்தான் அங்க வீடு வித்தேன். அப்பவும் ஆப்பிள் பூக்கிற மாசம் வந்தா அழுகை. மரம் நட்டது நான். பழம் பறிக்கிறது வேற ஆள்." பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இப்ப விக்காதே. போ, பாரு, வா. மறுபடி போ. அப்புறம் முடிவு."

இந்தக் கொச்சைத் தமிழில் இருந்த புத்தி, படித்த எங்கள் ஒருவருக்கும் இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் செய்தேன். முதலில் கோபித்தான். "நீ அம்மாவை ஒரு வார்த்தை கேளேன்" என்று போனை அவள் கையில் கொடுத்தேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உன்கிட்ட வராம இருப்பேனாடா? ஆனா திரும்பி வர்றதுக்கு ஒரு கதவு வேணும்பா" என்றாள். அந்தப் பக்கம் அவனும் பேசவில்லை. வீடு விற்கிற பேச்சு அதோடு நின்றது. என் பெண்ணின் படிப்புக்கு பாங்கில் கல்விக் கடன் வாங்கினோம்.

இப்படிப் பெரியவர்களை அனுப்ப இருக்கும் சகோதரிகளுக்கு நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கனடாவில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 'சூப்பர் விசா' உண்டு. ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு வருஷத்துக்கு, ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போல ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா என்று பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாத்திரைகளைக் கடை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். கிளம்புமுன் பல்லையும் கண்ணையும் காட்டிவிடுவது நல்லது. அங்கே இரண்டுக்கும் செலவு அதிகம். பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் வாழ்நாள் சான்று தர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வீட்டுவரி, கரண்டு பில் கட்ட உள்ளூரில் நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டாலும் ஒரு அறையைப் பூட்டி, அவர்கள் சாமானை அதில் வையுங்கள். சாவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

புரட்டாசியில் இரண்டு பேரும் விமானம் ஏறினார்கள். அம்மா அந்தச் சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு, டிசம்பர் 3 அன்று, நான் திருவண்ணாமலை போனேன். நம் ஊரில் மலைமேல் மகாதீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கு ஏற்றுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே முழங்கியது. நானும் மேல்வீட்டம்மாவும் திண்ணையில் வரிசையாக அகல் ஏற்றினோம். போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஏழரை மணி. வெளியே பனி வெள்ளை வெளேரென்று கிடந்தது. புகை மணி அலறிவிடுமோ என்று பயந்து, ஜன்னல் ஓரத்தில் ஒரே ஒரு அகல் ஏற்றி வைத்திருந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் புடவையை இழுத்துப் போர்த்தியபடி, "போனை மலைப் பக்கம் திருப்புடி" என்றாள்.

திருப்பினேன். "அப்படியே வெச்சிரு" என்றாள். கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வருகிற சித்திரையில் ஊருக்கு வருகிறார்கள். அதற்குப் பிறகு இங்கேயா, அங்கேயா என்பதை அம்மா சொல்லட்டும். நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.