நாற்காலி சென்ற மலைவழி

இங்கிலாந்திலே, டார்பிஷயர் குன்றுகளுக்கிடையே, வை நதிப் பள்ளத்தாக்கினூடாக மொன்சால் பாதை செல்கின்றது. அந்நாட்டில் வாழும் என் தமக்கையாருடன் அதனைக் காணச் சென்றிருந்தேன். பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர் அவர். எங்கு சென்றாலும், "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், தம்பி, நான் காருக்குள் இருக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவர்.

இது முன்னர் புகையிரதம் ஓடிய வழி. 1863இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை 1968இல் மூடப்பட்டது, 1981இல் நடைபாதையாயிற்று. புகையிரதம் செங்குத்தான மேட்டில் ஏறமாட்டாது. ஆதலால், அன்று குன்றுகளைக் குடைந்தும் பள்ளங்களுக்குப் பாலமிட்டும் மென்சரிவாக வழி சமைத்தனர். அதுவே இன்று சக்கர நாற்காலிக்கும் தள்ளாத முதியோருக்கும் குழந்தையின் தள்ளுவண்டிக்கும் உதவுகின்றது. சுரங்கங்கள் 2011இல் திறக்கப்பட்டபின், எட்டரை மைல் தூரமும் தடையின்றிச் செல்லலாம்.

பேக்வெல் என்னும் ஊரிலிருந்து புறப்பட்டோம். வழியில் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளமான ஹெட்ஸ்டோன் சுரங்கம். விளக்கொளியில் அதனைக் கடந்ததும் உயர்ந்த பாலம், கீழே நதி, இருமருங்கும் பசுங்குன்றுகள். இக்காட்சியைப் புகையிரதம் கெடுத்துவிட்டதென்று அறிஞர் ஜோன் ரஸ்கின் கடிந்தெழுதினார். அவர் வெறுத்த பாதையே என் தமக்கையாருக்கு அக்காட்சியைக் காட்டிற்று.

பாறையைத் தொட்டுப் பார்த்த அவர், "இதுவும் நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்தானே!" என்றார். பின்னர், "கையை எடு, தம்பி, நானே உருட்டிக்கொண்டு வருகிறேன்" என்றார்.

நான் பின்னால் நடந்தேன். தூக்கிச் செல்லும் இரக்கத்தினும் தானே செல்லும் வழியன்றோ பெரிது!