கிளாம்பும் கயிறும்

மைசூர் அக்ரஹாரத்தில் வாழும் நம்மவருள் ஓய்வுக்காலத்தில் மரவேலையை விரும்புவோர், விலையுயர்ந்த தனிவகைக் கிளாம்புகளை வாங்கலாமா என வினவுவதுண்டு. விடைக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 1912இல் நிறைவெய்திய அரண்மனை நடைத்தொலைவில் உள்ளது. அதன் அம்பா விலாசத்தில் தந்தம் பதித்த ஈட்டிமரக் கதவைக் காணலாம். பலகையில் குழி தோண்டி, அதற்கு இணங்க அறுத்த துண்டைப் பொருத்துவதே அவ்வேலை. அப்பொருத்தம் உளியாலும் கண்ணாலும் வருவது. பசை உலரும்வரை நகராது பிடிப்பதொன்றே கிளாம்பின் கடமை.

ஆறியதும் இறுகும் பழைய வச்சிரத்துக்குப் பல இடங்களில் கையழுத்தமே போதியது. இன்றைய வெண்பசைக்கோ அரைமணி நேரமேனும் அழுத்தம் வேண்டும். ஆதலின் சாதாரண ‘சி’ கிளாம்பு நான்கு வாங்குவதை வீண்செலவு என்னோம். படச்சட்டத்துக்குக் கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கினால் நான்கு மூலைகளும் ஒருங்கே இறுகும். அகலப் பலகைக்குக் கட்டைகளும் ஆப்பும் போதும். மூலைக் கிளாம்பு எதற்கு? கோணலாய் அறுத்த மூலையை அது நேராக்காது. இடைவெளியைச் சற்றே மறைத்து, கழற்றியதும் காட்டிக்கொடுக்கும்! அப்பணத்தில் நல்ல உளியும் சாணைக்கல்லும் வாங்கலாம்.

நாள்தோறும் சட்டம் செய்து விற்போர் கணக்கு வேறு. கயிறு முறுக்கும் நேரமும் அவர்க்குக் கூலியில் சேரும்.