மரண அறிவித்தலுக்கு ஒரு நிரந்தர எண்

நயினாதீவில் இருந்துகொண்டு நான் பழகும் வேலைக்கு ஊரில் தனிப் பெயர் கிடையாது. மரண அறிவித்தல்கள், நாகபூசணி அம்மன் கோயில் விசேடங்கள், கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் படகு ஓடாத நாட்கள் ஆகியவற்றைச் செய்தியோடைகளாக எழுதி வைக்கிறோம். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று பரந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனம் அவற்றைத் தங்கள் போனில் உள்ள வாசிப்பான் செயலியில் படிக்கிறார்கள். வேலையைப் பழக்குகிறவர் என் பெரியம்மாவின் மகன். கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஊர்ச் செய்திக்காகக் காத்திருந்த பக்கமும் அவருக்குத் தெரியும், அதை எழுதுகிற பக்கமும் தெரியும்.

"செயலியைப் பிறகு பாப்பம் பிள்ளை. முதல்ல கோப்பைத் திற" என்றுதான் தொடங்கினார். திறந்தால் வெறும் எழுத்து. ஓடை என்பது இணையத்தில் ஒரே முகவரியில் கிடக்கும் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பு, அவ்வளவுதான். மேலே ஓடையின் பெயர். கீழே ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இணைப்பு, விவரம், வெளியிட்ட நேரம், ஓர் அடையாளம். நாங்கள் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. வாசிப்பான்தான் குறித்த இடைவெளியில் வந்து கோப்பை எடுத்து, ஏற்கெனவே காட்டியவற்றை விலக்கி, புதியதை மட்டும் காட்டுகிறது. எங்களிடம் சந்தாதாரர் பட்டியல் இல்லை. ஒருவருடைய மின்னஞ்சலும் எங்களுக்குத் தேவையில்லை.

இதை ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டும் என்று ஊரில் கேட்பார்கள். சமூக வலைத்தளத்தில் போட்டால் போதாதா? அங்கே யாருக்கு எதை முதலில் காட்டுவது, எதைக் காட்டாமலே விடுவது என்பதை அந்தத் தளத்தின் கணக்கு தீர்மானிக்கிறது. அப்படிப் போட்ட ஓர் அறிவித்தலை எங்கள் உறவினர் ஒருவர் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் கண்டார். ஓடையில் நடுவே நின்று தெரிவு செய்ய யாரும் இல்லை. எழுதியது முழுவதும், எழுதிய வரிசையில் போய்ச் சேரும். ஒரு சின்னத் தீவுக்கு இது பெரிய விஷயம் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

இந்த வடிவத்தின் கதையையும் அண்ணை சொன்னார். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்.எஸ்.எஸ். வடிவத்தை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2002இல் டேவ் வைனர் வெளியிட்ட 2.0 பதிப்பைத்தான் நாங்கள் எழுதுகிறோம். 2005இல் ஆட்டம் என்ற இன்னொரு வடிவமும் இணையத் தரமாக வந்தது. தமிழில் இதன் பயனைப் பலருக்கும் காட்டியது 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம். பலர் எழுதியவற்றை அவரவர் ஓடைகள் வழியே ஒரே இடத்தில் திரட்டித் தந்தது. 2013 ஜூலை 1ஆம் திகதி கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஓடைகளின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். மூடப்பட்டது ஒரு வாசிப்பான் மட்டுமே. ஓடைகள் அவற்றை எழுதியவர்களின் தளங்களில் இருந்தபடி இருந்தன. வாசித்தவர்கள் தங்கள் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக எடுத்துக்கொண்டு ஃபீட்லி போன்ற வேறு செயலிக்குப் போனார்கள்.

கையால் எழுதிப் பழகும்போது முதலில் வருவது நேரம். மாதத்தின் பெயர் ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாக இருக்க வேண்டும்; கடைசியில் இலங்கைக்கான +0530. இதை எழுதுவது எளிது, எந்த நேரத்தை எழுதுவது என்பதில்தான் யோசனை வேண்டும். அம்மனின் ஆனித் திருவிழாவுக்கான அறிவித்தலில் கொடியேற்ற நாளை வெளியீட்டு நேரமாகப் போட்டால், அந்த நாள் வரும் வரைக்கும் அறிவித்தலை மறைத்து வைக்க வாசிப்பானுக்கு உரிமை உண்டு, ஆர்.எஸ்.எஸ். விதியே அப்படிச் சொல்கிறது. ஆகவே வெளியிடுகிற நேரம் மட்டுமே அங்கே வரலாம். இன்னொன்று: செவ்வாய் காலை 6 மணிக்கு நாங்கள் வெளியிடுவது கோடைகாலத்தில் ரொறன்ரோ போனில் திங்கள் இரவு 8.30 என்று தெரியும். "நாளை தகனம்" என்று எழுதினால் அங்கே இருப்பவர் எந்த நாளை எடுப்பார்? கிழமை, திகதி, இலங்கை நேரம் மூன்றையும் விவரத்துக்குள்ளேயே எழுத அண்ணை பழக்கினார்.

நான் அதிகம் படித்தது அடையாளத்தைப் பற்றி. கோப்பில் அதற்கு ஜி.யு.ஐ.டி. என்று பெயர். ஒரு செய்தி புதியதா, முன்பு பார்த்ததா என்பதைப் பெரும்பாலான வாசிப்பான்கள் இதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. தேசிய அடையாள அட்டை எண்ணைப் போல: பெயர் மாறலாம், விலாசம் மாறலாம், எண் மாறாது. தலைப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், தளத்தையே வேறு முகவரிக்குக் கொண்டுபோனாலும் பழைய எண் அப்படியே இருக்க வேண்டும். மாறினால் எப்போதோ காலமானவரின் அறிவித்தல் எல்லாருடைய போனிலும் புதிதாக வந்து நிற்கும். அதைப் பார்க்கும் பிள்ளைகளின் மனம் என்ன பாடுபடும்?

ஆனால் கிரியை நேரம் மாறினால்? வெளிநாட்டிலிருந்து மகன் வரப் பிந்தும், அல்லது கடல் விடாது. அப்போது பழைய எண்ணிலேயே திருத்தினால், வாசித்து முடித்தவருக்கு அந்தத் திருத்தம் கண்ணில் படும் என்று நம்ப முடியாது. சில செயலிகள் சத்தமில்லாமல் மாற்றிவிடும், சில கவனிக்கவே கவனிக்காது. அதனால் எழுத்துப்பிழை என்றால் பழைய எண், நேர மாற்றம் என்றால் புதிய எண்ணில் புதிய செய்தி. இந்த முடிவை எடுக்கும் முன் வீட்டாரோடு ஒருதரம் பேச வேண்டும். "ஒருக்கா வாசிப்பான் எடுத்திட்டுதெண்டால் நாங்கள் திருப்பிக் கேக்கேலாது. வீட்டுக்காரரைக் கேட்டிட்டு எழுது" என்பார் அண்ணை. எங்கள் கோப்பிலிருந்து அழித்தாலும் ஏற்கெனவே எடுத்தவரின் செயலியில் அது கிடக்கும் என்பதால், இந்த வேலையின் பெரும்பகுதி கணினிக்கு வெளியில்தான் நடக்கிறது.

கோப்பின் அளவிலும் கவனம் வேண்டும். யூனிகோடு யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். மெய்யோடு சேரும் விசிறி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். நயினாதீவு என்ற சொல்லுக்கு மட்டும் 27 பைட். ஒவ்வொரு வாசிப்பானும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து முழுக் கோப்பையும் இழுத்தால், வலுக்குறைந்த சிக்னலில் படகு ஓடுமா என்று பார்க்கிறவருக்குப் பாரம். அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கோப்போடு சேர்த்து அதன் பதிப்புக்கு ஒரு முத்திரையைச் சேர்வர் கொடுக்கும். வாசிப்பான் அடுத்த முறை அந்த முத்திரையைக் காட்டி, மாறியிருந்தால் தா என்று கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற பதில் மட்டும் வரும், கோப்பு வராது.

ஓடையில் அண்மைய செய்திகள் சிலதான் இருக்கும். பதினாறு நாள் திருவிழாவில் ஒவ்வொரு பூசைக்கும் உபயத்துக்கும் அறிவித்தல் எழுதினால், அவற்றின் அடியில் கிடந்த மரண அறிவித்தல் கோப்பை விட்டே தள்ளுப்பட்டுப் போகும். சேர்வரில் இயங்கும் வாசிப்பான் அதை முன்பே எடுத்துச் சேமித்திருக்கும். போனில் மட்டும் இயங்கும் செயலியைச் சில நாள் திறக்காதவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கோயில், படகு, மரண அறிவித்தல் என்று மூன்று ஓடைகளாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

பழைய அறிவித்தல்களைச் சேர்ப்பது தனி வேலை. அவை பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத வாசிப்பானில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஆகவே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு 'ரி' வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பாமினியில் 'ர'வுக்குப் பதில் காலைத் தட்டி அதன்மேல் விசிறி போடும் பழக்கம் இருந்தது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால் பரமேஸ்வரி என்று தேடுகிறவருக்கு அந்த அறிவித்தல் அகப்படாது. திகதியிலும் பார்வை வேண்டும்: 2006 ஏப்ரலுக்கு முன் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இலங்கை நேரம் +0530 அல்ல, பெரும்பகுதி +0600.

எழுதி முடித்ததை டபிள்யூ3சி தரும் சரிபார்ப்பானில் போட்டுப் பார்த்த பிறகே ஏற்றுகிறோம். மூடாத ஓர் அடைப்போ, தலைப்பில் அப்படியே விட்ட ஓர் 'அண்ட்' குறியோ முழு ஓடையையும் சில செயலிகளில் நிறுத்திவிடும்.

இப்போது ஒலிக்கோப்பு சேர்க்கப் பழகுகிறேன். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. பொட்காஸ்ட் செயலிகள் பெரும்பாலும் இதே ஆர்.எஸ்.எஸ். கோப்பைத்தான் எடுக்கின்றன, செய்திக்குள் 'என்குளோசர்' என்று ஒரு வரி, அதில் ஒலிக்கோப்பின் முகவரி, வகை, பைட் கணக்கில் அளவு. வாசிப்பதற்கு என் பெரியம்மா சம்மதித்திருக்கிறார். படகு அறிவித்தல்களில் தொடங்குகிறோம்.