பெயர் கேட்டு நாணியவன் மலை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் எழுபது. ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் இலக்கம் உண்டு. இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணி எண்ணித் தலைசுற்றலை வளர்த்துக் கொள்வதற்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு. முப்பதாவது வளைவுக்கு மேல் பஸ்ஸில் பேச்சு ஓய்ந்து விடுகிறது. ஐம்பதுக்கு மேல் காற்றில் குளிர்ச்சி தட்டுகிறது. பிறகு மிளகுக் கொடி சுற்றிய மரங்களும், காப்பித் தோட்டங்களும், காய்த்துத் தொங்கும் பலா மரங்களும் கண்ணில் படத் தொடங்கியதும், வயிற்றைப் பிடித்துக் கொண்டு வந்தவர்கள்கூட எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள்.

மலைமேல் கடைவீதி உள்ள ஊர் செம்மேடு. அங்கே வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய அவனுக்கு ஆடி மாதத்தில் அரசாங்கம் விழா எடுக்கிறது. மாலைகளும் ஒலிபெருக்கிகளும் அமர்க்களப்படும். ஓரி உயிரோடிருந்தால் அன்று காட்டுக்குள் ஓடி ஒளிந்திருப்பான் என்பது என் அபிப்பிராயம். காரணம் சொல்கிறேன்.

புறநானூற்றில் வன்பரணர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. காட்டிலே ஒரு வேட்டுவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் உருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. வியந்து போன பாணர் கூட்டம் பாடி, ஆடி, "கோ" என்று அவனை விளிக்கிறது. அது தன் பெயராகவே இருப்பதால் வேட்டுவன் நாணுகிறான். நாணியபடியே இறைச்சியும் மதுவும், தன் மலையில் விளைந்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். அவன்தான் ஓரி. கொடுப்பதற்குக் கூசாதவன் பெயர் கேட்கக் கூசினான்.

என்னோடு வந்த தமிழாசிரிய நண்பர் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் படித்தவர். அறப்பளீசுவரர் கோயிலில் தரிசனம் முடித்து, ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கத் தொடங்கியபோது அவர் சொன்னார்: "இந்த ஓரியை நமக்குக் காட்டியவர் சாமிநாதையர். 1894-ல் புறநானூற்றை அச்சேற்றினார். முதுமையில் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார். அந்தக் கல்லூரியை வைத்தது யார்?"

அவர் எங்கே வருகிறார் என்பது எனக்குப் புரிந்து விட்டது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார்தான் வைத்தவர். அவருடைய தமையனார் ராமசாமிச் செட்டியார் சிதம்பரத்தில் முன்பே உயர்நிலைப் பள்ளி கண்டவர். தம்பி 1920-ல் மீனாட்சி கல்லூரியை ஆரம்பித்தார். பின்னர் தாம் வைத்த கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் சேர்த்துக் கொடுக்க, 1929-ல் அவை சர்வகலாசாலையாயின. அந்நாளில் 20 லட்சம் என்றால் என்ன என்பதை, மாதம் முப்பது ரூபாயில் குடும்பம் நடத்திய உபாத்தியாயரின் பேரன்மார் ஊகித்துக் கொள்ளலாம். தமிழுக்கும் இசைக்கும் அங்கே கிடைத்த ஆசனம் அப்போது வேறெங்கும் எளிதில் கிடைக்காதது.

1948-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் காலமானார். அவருடைய குமாரர் முத்தையாச் செட்டியார் இணைவேந்தராகி, 1984-ல் மறையும் வரையில் அந்தப் பொறுப்பில் இருந்தார். பிறகு பேரர் ராமசாமி வந்தார். தகப்பனார் பெயரில் மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. ஸ்தாபகரின் வாரிசே இணைவேந்தர் என்பது சட்டத்திலேயே கண்ட ஏற்பாடு.

"அங்கேதான் ஓரிக்கும் இவர்களுக்கும் வித்தியாசம்" என்றேன். "அவன் கொடுத்தான், மறந்தான். இவர்கள் கொடுத்துவிட்டுச் சாவியையும் வீட்டிலேயே வைத்துக் கொண்டார்கள். அதனால்தானே, பிற்காலத்தில் ஊழியர் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, சம்பளத்துக்கே திண்டாட்டமாகி, 2013-ல் அரசாங்கம் சட்டம் செய்து நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள நேர்ந்தது? 2021-ல் முத்தையாச் செட்டியார் பெயர் கொண்ட மருத்துவக் கல்லூரியும் கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியாகி விட்டதே!"

நண்பர் படியிலேயே நின்று விட்டார். "ஐயா, ஓரி கூத்தருக்கு நல்ல நாடே கொடுத்தான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். கூத்தருக்குக் கொடுத்த நிலம் என்ன ஆயிற்று? கேட்க யார் இருந்தார்கள்? கட்டடத்தில் அப்பன் பெயர் இருந்தால் பிள்ளை வந்து ஓட்டுக் கூரையைப் பார்ப்பான். பாட்டன் பெயர் இருந்தால் பேரன் வெட்கப்பட்டாவது செலவு செய்வான். எண்பத்து நாலு வருஷம் மூன்று தலைமுறை அப்படித்தான் நடந்தது. எங்கள் குடும்பத்தில் என் தகப்பனாருக்குக் கையெழுத்துத்தான் தெரியும். நான் எம்.ஏ. படித்ததற்கு அந்தப் பெயர் காரணமா, இல்லையா?"

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அந்த எம்.ஏ. தலைமுறை தலைமுறையாக எத்தனை பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லியிருக்கிறது! நிர்வாகம் கை மாறிய பிறகும் அண்ணாமலை நகரில் வகுப்புகள் நடக்கின்றன. ஊர்ப் பெயரும் மாறவில்லை. ஆனாலும் மூன்றாம் தலைமுறை வருவதற்கு முன்பே அவர்கள் தாமாகச் சாவியைக் கொடுத்திருந்தால் இன்னும் அழகாயிருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னேன். "சாவியை வாங்கிக்கொள்ள அன்று யோக்கியமான கை எது? அதையும் சொல்லும்" என்றார்.

ஆகாய கங்கைக்குப் படிகள் ஆயிரத்துக்கு மேல். கீழே ஐயாறு சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. சாரல் முகத்தில் அடிக்கும்போது பேசுவது கேட்காது. குளித்துவிட்டு விவகாரத்தைத் தொடரலாம் என்றிருந்தோம். ஆனால் திரும்ப ஏறும்போது, இருநூறாவது படிக்குமேல், இருவருக்கும் மூச்சு விடுவதற்கே அவகாசம் போதவில்லை.