வாசலில் ஒரு பெட்டி

வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் நான்கு பூட்டுகளை எடுத்துப் போடச் சொல்வார். கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். சாவியைப் போட்டு இரண்டு முறை திருகிப் பார்ப்பார். எழுத்து வாசனை இல்லாத என் தந்தையார்கூடப் பூட்டு வாங்குவதில் ஏமாந்ததில்லை. ஆனால் இன்று ஒரு சிறு அலுவலகத்தின் உண்மையான வாசல் அதன் மரக்கதவு அன்று. சுவரில் ஆணியில் தொங்கியபடி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான் அது. ரவுட்டர் என்கிறோம். அதை யாரும் தூக்கிப் பார்த்து வாங்குவதில்லை. இணைய இணைப்புத் தருகிறவர் எதைக் கொண்டுவந்து மாட்டுகிறாரோ அதுவே வாசல், அதுவே பூட்டு.

அப்படி ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு இறுதியில் என் தலையில் வந்து விழுந்தது. பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். கணக்கும் இதில் வருகிறது, சற்றுப் பொறுங்கள்.

திருச்செங்கோட்டில் ஒரு வரி ஆலோசகரிடம் மாலை வேளைகளில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் போன ஊர் அது. ரிக் உரிமையாளர்கள், விசைத்தறிக்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள் என்று நானூறு பேருக்கு மேல் அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. அதற்குள் ஆதார் நகல், பான் அட்டை நகல், வங்கிக் கணக்குத் தாள்கள், கையெழுத்து. அவையெல்லாம் கணினியிலும் உண்டு. என் அம்மா தார் ஓட்டும் தறிக்கூடத்தின் சம்பளப் பட்டியலும் அங்கேதான் இருக்கிறது. அதில் பதினேழாவது பெயர் அம்மாவுடையது. பக்கத்தில் வங்கிக் கணக்கு எண். முதன்முதலில் அதைத் தட்டச்சு செய்த மாலையில் என் விரல்கள் கொஞ்சம் நின்றுதான் நகர்ந்தன.

ஐப்பசியில் ஒரு நாள், எங்களிடம் வருகிற தறிக்காரர் ஒருவர் கையில் ஓர் அறிவிப்போடு வந்து நின்றார். அவருடைய பெயரிலும் பான் எண்ணிலும், அவர் பார்த்தே இராத ஓர் ஊரில், யாரோ ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து வியாபாரம் நடத்தியிருக்கிறார்கள். நகல் எங்கிருந்து போனது என்று சொல்ல முடியாது. சிம் கார்டு வாங்கிய இடத்திலிருந்தும் போயிருக்கலாம், கடன் கேட்ட இடத்திலிருந்தும் போயிருக்கலாம். எங்களை அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ஆயினும் ஐயா மறுநாள் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நம்ம ஆபீசுல எங்கியாச்சும் ஓட்டை இருக்குதான்னு பாரு. நீதான் படிக்கிற பையன். அஞ்சாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம்” என்றார்.

‘படிக்கிற பையன்’ என்ற சொல்லின் பாரம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். மின்சாரக் கட்டணச் சீட்டு முதல் மருத்துவரின் மருந்துச் சீட்டு வரை எல்லாம் நம்மிடமே வரும். நாம் சொல்வதைச் சரியா தவறா என்று பார்க்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. “பெரியவங்க நம்பிச் சொல்றாங்க, பாத்துச் செய்யி சாமி” என்று மட்டும் அப்பா சொன்னார்.

முதலில் பழைய பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். நுழைவது அவ்வளவு எளிதாக இருந்ததுதான் வேடிக்கை! பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது என்ன இருந்ததோ அதேதான். வைஃபைக்கான கடவுச்சொல் ஐயாவின் கைபேசி எண். அதையும் காத்திருப்போர் வசதிக்காகச் சுவரில் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அலுவலகத்தில் உள்ளவை மூன்று கணினிகள், ஓர் அச்சுப்பொறி, நான்கு கைபேசிகள், ஆக எட்டு. பெட்டியின் பட்டியலிலோ பத்தொன்பது இருந்தன. டீக்கடைக்காரர், பக்கத்துக் கைபேசி பழுது பார்க்கும் கடைப் பையன்கள், என்றோ ஒரு நாள் வந்துபோன வாடிக்கையாளர்கள். இவர்களில் யாரும் திருடர் அல்லர். படம் பார்க்க வந்தவர்கள். ஆனால் அவர்கள் கைபேசியில் என்னென்ன குடியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. நானூறு பேரின் கோப்புகள் இருக்கிற அதே கூடத்தில் எல்லாரும் பாய் விரித்துப் படுத்திருந்தது போன்ற நிலைமை அது.

அட்மின் என்ற அந்த ஒரு சொல்லை அற்பமாக எண்ண வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஒன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான ரவுட்டர்களையும் காமிராக்களையும் பிடித்துக்கொண்டது. பெரிய மந்திரம் ஒன்றும் அதனிடம் இல்லை. தொழிற்சாலைகள் வைத்து அனுப்பும் பெயர், கடவுச்சொல் சோடிகள் ஏறத்தாழ அறுபதை வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டிப் பார்த்தது. அவ்வாறு பிடிபட்ட பெட்டிகளை ஏவி அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது பெரிய பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. அந்நிரலை எழுதிய மூவர் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மூவருக்கும் வயது இருபது, இருபத்தொன்று! நம் வயது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட எரிச்சலே மிகுதியாக வந்தது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். பல ரவுட்டர்களில் டபிள்யூ.பி.எஸ். என்றொரு வசதி உண்டு. நீண்ட கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் போதும். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது; ஆகவே ஒரு கோடி. அதுவும் பெரிய எண்தானே என்று தோன்றும். ஆனால் பெட்டி அந்த எண்ணை இரண்டு பாதியாக்கி, முதற்பாதி தவறென்றால் அப்போதே தவறென்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. முதல் நான்கு இலக்கத்துக்குப் பத்தாயிரம் முயற்சி. மீதி மூன்றுக்கு ஆயிரம். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் போதும் என்றாகிவிட்டது! ஒரு கோடி, பதினோராயிரமாகச் சுருங்கிற்று. முயற்சிக்கு மூன்று விநாடி என்று வைத்தாலும் ஒன்பதேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடையைச் சாத்திவிட்டுப் போய்க் காலையில் திறப்பதற்குள். 2011 டிசம்பரில் இது வெளியாயிற்று. பின்னர் வந்த பெட்டிகள் பலவற்றில் சில தவறுகளுக்குப் பின் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. எனினும் அந்த வசதியை அடியோடு நிறுத்த முடிகிற பெட்டிதான் வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கம்பெனிப் பெயர் ஒன்று சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. “பெட்டிக்குள் இருக்கிற மென்பொருளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு திருத்தம் தருவார்கள் என்று பார். மாடல் எண்ணோடு அடியிலுள்ள வெர்ஷன் எண்ணையும் பார்” என்றார். இந்த இரண்டாவது செய்தி எனக்குப் புதிது. ஒரே பெயரில் வெர்ஷன் 1, 2, 3 என்று உள்ளே வெவ்வேறு பெட்டிகள் வரும். ஒன்றுக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்க, மற்றதைக் கைகழுவியிருப்பார்கள். கடையில் தூசி படிந்து கிடப்பது எது என்று ஒட்டுச்சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கிடையில் ஐயாவின் மைத்துனர் தம் வீட்டில் சும்மா இருக்கும் ஒரு பெட்டியை இனாமாகவே கொண்டுவந்துவிட்டார். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினேன். அதற்கு 2019-உடன் திருத்தங்கள் நின்றுவிட்டன. வயதில் மூத்தவர், ஐயாவுக்கு உறவினர் வேறு. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

“பொட்டி நல்லாத்தானப்பா ஓடுது?”

“ஓடுமுங்க அண்ணா. நாளைக்கு இதுல புதுசா ஒரு ஓட்டையக் கண்டுபுடிச்சாங்கன்னா, அடைக்கறதுக்கு ஆள் இல்லீங்க.”

அவர் முகம் சிறுத்துவிட்டது. ஐயா ஒன்றும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “தம்பி சொல்றதயே வாங்கிப்போடலாம்” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்ன சொல்லுக்கு இனி நானல்லவா பொறுப்பு!

ஈரோட்டில் கடைக்காரர் ஆறு கொம்பு முளைத்த ஒன்றை எடுத்து வைத்தார். எங்கள் அலுவலகம் இருபதுக்கு முப்பது அடி; இணைப்பின் வேகமோ 100 எம்.பி.பி.எஸ். கொம்புக்குக் காசு கொடுப்பது வீண். டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு, தானே திருத்தம் பெறும் ஏற்பாடு, விருந்தினருக்குத் தனி வைஃபை இவை மூன்றும் உள்ள எளிய பெட்டி ஒன்றை, ஒட்டுச்சீட்டைப் படித்துப் பார்த்த பின், 3,400 ரூபாய்க்கு வாங்கினேன்.

மாட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இணைப்புக்காரர் தந்த பெட்டியைத் தூக்கி எறிய முடியாது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மாற்றித்தர அது வேண்டும். அதன் வைஃபையை மட்டும் அணைத்து, அதன் பின்னால் எங்கள் பெட்டியை நிறுத்தினேன். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். வெளியிலிருந்து உள்ளே வந்து நிர்வகிக்கும் வழியை அடைத்தேன்; டபிள்யூ.பி.எஸ்.ஸையும் நிறுத்தினேன். அச்சுப்பொறிதான் வம்பு செய்தது. பழைய பொருள், டபிள்யூ.பி.ஏ.3 அதற்குத் தெரியாது. அதற்காக வாசலைத் தளர்த்த மனம் வரவில்லை. நாற்பது ரூபாய்க்கு ஒரு கம்பி வாங்கிக் கணினியோடு நேராக இணைத்துவிட்டேன்.

சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிட்டு, விருந்தினர் வைஃபையின் கடவுச்சொல்லை மட்டும் அட்டையில் எழ்தி வைத்தோம். டீக்கடைக்காரர் இப்போதும் படம் பார்க்கிறார், வேறு கூடத்தில். அலுவலகப் பட்டியலில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. மாலையில் போனதும் முதலில் அதை எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நானூறு பேரின் ஜி.எஸ்.டி. கடவுச்சொற்களை அக்கா பேனாவால் எழுதி வைத்திருக்கும் நீல அட்டை நோட்டு மட்டும் இன்னும் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் அதைப் பற்றி அவரிடம் பேச வேண்டும். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.